புரதச் செறிவாக்கமும் சௌரிராஜன் சவ்வும்

புரதக் கரைசலைச் செறிவாக்கும் வடிகுழாய், பெயரளவில் மையவிலக்குக் கருவியைச் சார்ந்தது. எனினும் சுழற்சி தருவது விசை மட்டுமே; புரதத்தை நிறுத்தி நீரையும் உப்பையும் வெளியேற்றுவது சவ்வாகும். எனவே அதன் வரலாற்றைச் சவ்விலிருந்தே தொடங்க வேண்டும்.

1907இல் செருமானிய அறிஞர் பெக்ஹோல்ட், கொலோடியன் சவ்வுகளைக் கொண்டு கூழ்மத் துகள்களைப் பிரித்தார். ஆனால் துளை நுண்ணிதாகுந்தோறும் நீரோட்டம் தளர்ந்தது. இத்தடையை நீக்கியது புரத ஆய்வன்று. கடல்நீரைக் குடிநீராக்கும் முயற்சியே. லாஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1960ஐ ஒட்டி உருவாக்கிய செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வு இரு பகுதிகளைக் கொண்டது: பிரிக்கும் மெல்லிய அடர்தோல், அதைத் தாங்கும் துளைமிகு அடித்தளம். தோல் மெலிந்ததால் நீர் விரைந்து கடந்தது.

உப்பைத் தடுக்கப் பிறந்த இவ்வமைப்பே, துளை பெரிதாக்கப்பட்டபோது உப்பைக் கடக்கவிட்டுப் புரதத்தை மட்டும் மறித்தது. ஆதலின் புரதச் செறிவாக்கத்தின் வரலாற்றில் சௌரிராஜனின் பெயரும் இடம்பெறுதல் தகும்.