பெங்களூரு போறீங்களா? ஒரு நாள் சாப்பாட்டை 300 ரூபாய்க்குள் முடிப்பது எப்படி?

இன்டர்வியூவுக்கோ, டிரெய்னிங்குக்கோ, புது வேலையில் சேரவோ பெங்களூரு கிளம்புறீங்க. பஸ் டிக்கெட், தங்குமிடம், ஆட்டோ என எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டிருப்பீர்கள். சாப்பாட்டை மட்டும் 'அங்க போய் பார்த்துக்கலாம்' என்று விட்டிருப்பீர்கள். பி.ஜி. அட்வான்ஸ் கட்டியதில் கை காலி. முதல் சம்பளத்துக்கு இன்னும் ஒரு மாதம். இந்த நிலையில் பலர் முதலில் குறைப்பது சாப்பாட்டைத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பதில் டீ, பிஸ்கட் என்று ஓட்டுவார்கள்.

அதற்கு அவசியமே இல்லை. வாடகையும் ஆட்டோவும் மிரட்டும் ஊர்தான், ஆனால் வயிறு நிறைய மலிவாகச் சாப்பிடவும் இங்கே வழி இருக்கிறது. ஒரே இட்லிக்கு பெங்களூருவில் மூன்று விலை உண்டு: நின்றுகொண்டு சாப்பிட்டால் ஒன்று, ஏ.சி.யில் உட்கார்ந்தால் ஒன்று, ஆப்பில் வரவழைத்தால் ஒன்று. இதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவு குறைந்துவிடும்.

தர்ஷினி என்றால் என்ன?

பெங்களூருவின் எந்தப் பேட்டையிலும் 'தர்ஷினி', 'சாகர்', 'உபஹார்' என்று முடியும் பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். பெரும்பாலும் இவை நின்றுகொண்டு சாப்பிடும் சைவ ஓட்டல்கள். 1980-களில் ஜெயநகர் பக்கம் தொடங்கிய இந்த முறை பிறகு நகரம் முழுக்கப் பரவியது.

இங்கே நாற்காலி இல்லை, சர்வர் இல்லை. முதலில் கேஷ் கவுன்டரில் பணம் கட்டி பில் வாங்க வேண்டும். அதை உள்ளே கொடுத்தால் தட்டு வரும். உயரமான மேஜையில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டை நீங்களே கொண்டுபோய் வைக்க வேண்டும். ஒருவர் 10 நிமிடத்தில் சாப்பிட்டுக் கிளம்பிவிடுவதால், சின்ன இடத்திலேயே நாள் முழுக்க நூற்றுக்கணக்கானோர் சாப்பிட முடிகிறது. இடத்துக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு குறைவதால்தான் விலையும் குறைகிறது. கூட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் இட்லியும் சூடாகவே கிடைக்கும்.

மெனுவில் என்ன கேட்பது?

கன்னடத்தில் டிபனுக்கு 'திண்டி', சாப்பாட்டுக்கு 'ஊட்டா'. இந்த இரண்டு வார்த்தை தெரிந்தாலே போதும், மற்றதைச் சமாளித்துவிடலாம். காசுக்கு ஏற்ப வயிறு நிறைய வேண்டுமா? இவற்றைக் கேளுங்கள்:

• தட்டே இட்லி: தட்டு அளவுக்கு அகலமான இட்லி. இரண்டு சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும்.
• சௌ சௌ பாத்: ஒரே தட்டில் காரா பாத்தும் கேசரி பாத்தும். நம்ம ஊர் ரவா உப்புமா, கேசரிதான்.
• ரவா இட்லி: இரண்டாம் உலகப்போர் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது எம்.டி.ஆர். ஓட்டல் ரவையில் செய்து பார்த்தது. இன்று எல்லாக் கடையிலும் கிடைக்கிறது.
• செட் தோசை: மெத்தென்று இரண்டு, மூன்று தோசைகள், கூடவே சாகு அல்லது குருமா.
• ரைஸ் பாத்: சித்ரான்னா என்றால் எலுமிச்சை சாதம். வாங்கி பாத், பிசிபேளே பாத், புலாவ் ஆகியவை மதியச் சாப்பாட்டின் பாதி விலையில் கிடைக்கும்.
• ராகி முத்தே: களி உருண்டையும் 'சாரு' எனும் குழம்பும். நீண்ட நேரம் பசி தாங்கும். மென்று சாப்பிடாதீர்கள், குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும்.

பல கடைகளில் சாம்பார் லேசாக இனிக்கும். உடுப்பி பாணியில் வெல்லம் சேர்ப்பார்கள். பிடிக்காவிட்டால் சட்னி கூடுதலாகக் கேளுங்கள். காபி, டீயை 'ஒன் பை டூ' என்று கேட்டால் ஒன்றை இரண்டு டம்ளரில் பிரித்துத் தருவார்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அந்த ஊர் வழக்கமே அதுதான்.

ஒரு நாள் கணக்கு எப்படி?

பகுதிக்குப் பகுதி விலை மாறும். சாதாரண தர்ஷினியை வைத்துத் தோராயமாக இப்படித் திட்டமிடலாம்:

• காலை: இட்லி வடை அல்லது தட்டே இட்லி, காபி - 70 ரூபாய்
• 11 மணி: டீ - 20 ரூபாய்
• மதியம்: மினி மீல்ஸ் அல்லது முத்தே ஊட்டா - 100 ரூபாய்
• மாலை: டீ, ஒரு பஜ்ஜி - 30 ரூபாய்
• இரவு: செட் தோசை அல்லது சப்பாத்தி - 80 ரூபாய்

மொத்தம் 300 ரூபாய். வைட்ஃபீல்டு, எலெக்ட்ரானிக் சிட்டி, அவுட்டர் ரிங் ரோடு ஐ.டி. பார்க்குகளுக்குள் இருக்கும் ஃபுட் கோர்ட்டில் இந்தக் கணக்கு நிற்காது. கேட்டைத் தாண்டி, பி.ஜி. விடுதிகள் இருக்கும் பின்தெருவுக்கு நடந்து போங்கள். செக்யூரிட்டிகளும் டிரைவர்களும் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேட்டாலே நல்ல மெஸ் தெரிந்துவிடும். சமையல் வசதி இல்லாத அறை என்றால், மூன்று வேளைச் சாப்பாட்டுடன் வரும் பி.ஜி. மாதக் கணக்கில் லாபமாக இருக்கும்.

பிரபலமான ஓட்டல்களுக்குப் போகலாமா?

தாராளமாக. 1943-ல் தொடங்கிய பசவனகுடி வித்யார்த்தி பவன், மல்லேஸ்வரத்தின் சி.டி.ஆர்., வீணா ஸ்டோர்ஸ், சங்கரபுரத்தின் பிராமின்ஸ் காபி பார் எல்லாமே நடுத்தர வர்க்கத்துக்கான ஓட்டல்கள்தான். போகும் முன் சில விஷயங்கள்: வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பிராமின்ஸில் சாம்பார் கிடையாது, சட்னி மட்டும்தான். அது கேட்கக் கேட்க வரும்.

ஆனால் பயணச் செலவையும் சேர்த்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்ந்தது. வைட்ஃபீல்டிலிருந்து ஒரு தோசைக்காகப் பசவனகுடி போய் வந்தால், தோசையைவிட டிக்கெட் விலை அதிகம். அந்தப் பக்கம் வேறு வேலை இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

அசைவம் வேண்டுமென்றால்?

'மிலிட்டரி ஓட்டல்' பலகையைத் தேடுங்கள். முத்தேயும் மட்டன் குழம்பும் அங்கே பிரசித்தம். காய்ந்த இலையில் செய்த தொன்னையில் தரும் 'தொன்னே பிரியாணி'யில் பல கடைகளில் சீரக சம்பா அரிசிதான் போடுவார்கள், நம்ம நாக்குக்கு ஒத்துவரும். மட்டன் விலை கையைக் கடிக்கும். சிக்கனோ, முட்டையோ, வெறும் குஸ்காவோ போதும் என்றால் பட்ஜெட்டுக்குள் முடியும்.

கையில் சுத்தமாகப் பணம் இல்லையென்றால்?

சென்னையில் 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகத்தைப் பார்த்து, கர்நாடக அரசு 2017 ஆகஸ்ட் 16 அன்று இந்திரா கேன்டீன்களைத் தொடங்கியது. தொடங்கியபோது காலை உணவு 5 ரூபாய், மதியமும் இரவும் தலா 10 ரூபாய் என விலை வைத்தார்கள். அடையாள அட்டை கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு வேளைக்கும் அளவாகத்தான் சமைப்பார்கள் என்பதால் சீக்கிரம் போய்விடுங்கள். சில கிளைகள் மூடியிருக்கலாம், அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

ஒரு விஷயம் யோசிக்க வேண்டியது. கட்டடத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இந்தத் தட்டுதான் அன்றைய சாப்பாடு. சம்பளம் வரத் தொடங்கிய பிறகு அதை அவர்களுக்கு விட்டுவிடுங்கள். உண்மையிலேயே நெருக்கடி என்றால், தயங்காமல் வரிசையில் நில்லுங்கள். பட்டினி கிடந்து இன்டர்வியூவுக்குப் போகாதீர்கள்.

அல்சூர் ஏரிக்கரையில் உள்ள குருத்வாராவில், எந்த மதத்தவருக்கும் இலவச லங்கர் உணவு உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

பில்லில் என்ன பார்க்க வேண்டும்?

• சர்வீஸ் சார்ஜ்: தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.
• ஜி.எஸ்.டி.: ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண ஓட்டல்களில் 5 சதவீதம்தான். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாத கடை வரி வசூலிக்க முடியாது.
• தண்ணீர்: பாட்டில் தண்ணீரை எம்.ஆர்.பி.க்கு மேல் விற்க ஓட்டல்களுக்குத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. உட்கார்ந்ததும் 'நார்மல் வாட்டர்' என்று சொல்லிவிடுங்கள்.
• சில்லறை: யு.பி.ஐ. வரவை வைத்து சிறு வியாபாரிகளுக்கு 2025 ஜூலையில் வரி நோட்டீஸ் போனபோது, பல கடைகளில் 'கேஷ் மட்டும்' என்று பலகை மாட்டினார்கள். 200 ரூபாயாவது பணமாக வைத்திருங்கள்.

எங்கே பணம் வீணாகிறது?

பெரும்பாலும் நேரம் தவறும்போதுதான். பல தர்ஷினிகளில் காலை டிபன் 11 மணியோடு முடியும், மீல்ஸ் 3 மணிக்கு மேல் இருக்காது, இரவு 10 மணிக்கு ஷட்டர் இறங்கிவிடும். ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு 11 மணிக்கு அறைக்கு வந்தால் ஆப்பைத் திறப்பதைத் தவிர வழியில்லை. அங்கே கூடுதல் மெனு விலை, பேக்கிங், பிளாட்ஃபார்ம் கட்டணம், டெலிவரி என்று சேர்ந்து, 80 ரூபாய் தோசை இரண்டு மடங்காகிவிடும். அப்படி மூன்று ராத்திரி ஆர்டர் செய்தால், உங்கள் ஒரு நாள் சாப்பாட்டுப் பணத்துக்கு மேல் போய்விடும்.

அதனால் லேட் ஆகும் என்று தெரிந்தால் வழியிலேயே இறங்கிச் சாப்பிட்டுவிடுங்கள். பையில் இரண்டு வாழைப்பழமும் ஒரு பாக்கெட் வேர்க்கடலையும் இருக்கட்டும். வீட்டிலிருந்து 'சாப்பிட்டியா?' என்று போன் வரும்போது, பொய் சொல்லாமல் 'சாப்பிட்டேன்மா' என்று சொல்ல முடியும்.