மீதியை வெள்ளித்திரையில் காண்க



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அநேகமாக மறந்துபோன ஒரு பொருளைப் பற்றி. முழுநீளத் திரைப்படங்களைப் பத்து, இருபது நிமிடமாகச் சுருக்கி, வீட்டில் போட்டுப் பார்ப்பதற்கென்று விற்ற சின்னப் படச்சுருள்கள். இரண்டு மணி நேரப் படத்தைப் பத்து நிமிடமாக்கினால் என்ன மிஞ்சும் என்று கேட்கலாம். சில படங்களுக்கு அந்தச் சுருக்கம் மட்டுமே மிஞ்சியது. இன்றைய பேச்சின் சாரம் அதுதான்.

கதை நம் அக்கம்பக்கத்தில் தொடங்குகிறது. பக்கத்து ஊருக்கு எடிசன் என்று பெயர் வந்தது 1954இல். அங்குள்ள மென்லோ பார்க்கில் தாமஸ் எடிசனின் ஆய்வகம் இருந்த நினைவாக வைத்த பெயர். அவர் பிற்பாடு வெஸ்ட் ஆரஞ்சுக்குப் போனார். 1893இல் ‘பிளாக் மரியா’ என்ற படப்பிடிப்புக் கொட்டகை எழுந்தது அங்கேதான். 1912இல் அதே ஊரிலிருந்து வீட்டு உபயோகத்துக்கென ஒரு கருவியை, ‘ஹோம் கினெட்டோஸ்கோப்’பை, அவர் நிறுவனம் வெளியிட்டது. 22 மி.மீ. அகலமுள்ள ஃபிலிமில் மூன்று வரிசையாகப் படங்கள் இருக்கும். முதல் வரிசையை முன்னோக்கி ஓட்டி, இரண்டாவதைப் பின்னோக்கி ஓட்டி, மூன்றாவதை மறுபடி முன்னோக்கி ஓட்ட வேண்டும். திரையரங்குகளில் ஓடிய நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பற்றக்கூடியது. வீட்டுக்கு அது ஆகாது என்பதால் அசிடேட் ஃபிலிமைப் பயன்படுத்தினார்கள். கருவி வியாபாரத்தில் தேறவில்லை. ஆனால் ‘சினிமாவை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்’ என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

1922இல் பிரான்சில் பதே நிறுவனம் 9.5 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. 1923இல் கோடக்கின் 16 மி.மீ., 1932இல் 8 மி.மீ., 1965இல் சூப்பர் 8 வந்தன. இவற்றையொட்டி ஒரு தனிச்சந்தையே உருவானது. கோடக்கின் ‘கோடாஸ்கோப்’ நூலகங்கள் 1920களிலும் 30களிலும் மௌனப் படங்களைச் சுருக்கி 16 மி.மீ.யில் வாடகைக்குக் கொடுத்தன. காசில் பிலிம்ஸ் யுனிவர்சலின் பேய்ப்படங்களையும் நகைச்சுவைப் படங்களையும் சிறு சுருள்களாக விற்றது. அயோவாவின் டேவன்போர்ட்டில் இருந்த பிளாக்ஹாக் பிலிம்ஸ் பழைய மௌனப் படங்களைத் தபாலில் அனுப்பியது. இங்கே ஃபோர்ட் லீயில் கென் பிலிம்ஸ் இருந்தது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ திரையரங்குகளை நிறைத்துக்கொண்டிருந்தபோது, அதன் சில நிமிடங்களை சூப்பர் 8 சுருளாக விற்றவர்கள் இவர்கள். வீடியோ கேசட் வராத காலத்தில் பிடித்த படத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள சாதாரண மனிதருக்கு இருந்த வழி இதுதான். 200 அடிச் சுருள் சுமார் பத்து நிமிடம் ஓடும், 400 அடி இருபது நிமிடம். 1980களில் வீடியோ வந்ததும் இந்தச் சந்தை படுத்துவிட்டது.

இவை வெறும் விளையாட்டுப் பொருள்கள் என்றுதான் பலரும் நினைத்தார்கள். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

ஆர்தர் கானன் டாயிலின் நாவலைத் தழுவி 1925இல் வந்த மௌனப்படம் ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’. டைனோசர்களைத் திரையில் நடமாடவிட்ட முன்னோடிப் படம். பேசும்படம் வந்ததும் இதன் திரையரங்குப் பிரதிகளைத் திரும்பப் பெற்று அழித்துவிட்டார்கள். அதன் பின் பல பத்தாண்டுகள் உலகம் பார்த்ததெல்லாம் கோடாஸ்கோப்பின் சுருக்கத்தை, அதாவது ஏறக்குறைய பாதிப் படத்தைத்தான். 1990களில் செக் நாட்டுப் பிரதி ஒன்றும் கிடைத்த பிறகே படத்தைப் பெருமளவு மீட்டெடுக்க முடிந்தது.

அடுத்தது, ஏபெல் கான்ஸ் 1927இல் எடுத்த ‘நெப்போலியன்’. 1954இல் இங்கிலாந்தில் கெவின் பிரவுன்லோ என்ற பள்ளிச் சிறுவன் அதன் 9.5 மி.மீ. வீட்டுச் சுருள்கள் இரண்டை ஓட்டிப் பார்த்தான். மீதிப் படம் எங்கே என்று தேடத் தொடங்கிய அந்தப் பையன் கால் நூற்றாண்டுக்குப் பின் படத்தை மீட்டெடுத்தே விட்டார். 1979இல் கொலராடோவின் டெல்லுரைடில் அதைத் திரையிட்டபோது, 89 வயது கான்ஸ் விடுதி ஜன்னல் வழியாகத் தன் படத்தைப் பார்த்தார்.

2013இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. 1912க்கும் 1929க்கும் இடையில் அமெரிக்காவில் வந்த முழுநீள மௌனப்படங்கள் சுமார் 11,000. அவற்றில் மூல 35 மி.மீ. வடிவில் முழுமையாக எஞ்சியவை 14 சதவீதம். இன்னொரு 11 சதவீதம் முழுமையாக இருந்தாலும், வெளிநாட்டுப் பதிப்பாகவோ 28, 16 மி.மீ. சிறு ஃபிலிமிலோதான் இருக்கிறது. கிடங்கில் இருந்த பெரிய பிரதி எரிந்தது, அல்லது முதலாளியே குப்பையில் போட்டார். பல வீடுகளுக்குச் சிதறிப்போன சின்னப் பிரதி தப்பித்தது.

இப்போது நம் பக்கம் வருவோம்.

முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931. இன்று பிரதி இல்லை. எம்.ஜி.ஆரின் முதல் படம் ‘சதிலீலாவதி’, 1936. ஓஹையோக்காரர் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கியது. அதற்கும் பிரதி இல்லை. சென்னையில் எடுத்த மௌனப்படங்கள் நூறுக்கும் மேல். ஆர். நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ உட்பட அநேகமாக எல்லாமே போய்விட்டன. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர்ராஜ் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பியதற்குக் காரணம் ஒரு வழக்கு. நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் நீதிமன்றம் போனதால் சுருள்கள் அவர்கள் வசமாயின. 1974இல் அவற்றைப் புணே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பெற்றுக்கொண்டது. மற்றவற்றை யாரும் பறிமுதல் செய்யவில்லை. அதனால் காப்பாற்றவும் ஆளில்லை. பழைய ஃபிலிமில் வெள்ளி இருக்கிறதே! ‘காளிதாஸை’த் தயாரித்த அர்தேஷிர் இரானியின் ‘ஆலம் ஆரா’ சுருள்கள், வெள்ளிக்காக உருக்கப்பட்டன என்று அந்தக் காப்பகத்தை உருவாக்கிய பி.கே. நாயர் சொல்லியிருக்கிறார்.

தமிழர்களும் சினிமாவைச் சுருக்கி வீட்டுக்குக் கொண்டுபோனவர்கள்தான். ஆனால் நம் சுருக்கங்கள் காகிதத்திலும் ஒலியிலும் இருந்தன. கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் இருக்கும், கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதைவசனம் இசைத்தட்டாக வந்தது. வானொலியில் முழுப்படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி ஒலிச்சித்திரமாகக் கேட்டோம். அதனால் நமக்குக் குரல்கள் எஞ்சின, பாட்டுகள் எஞ்சின, வசனம் மனப்பாடமாக எஞ்சியது. பிம்பம்தான் போய்விட்டது. பிரவுன்லோ கையில் இருந்ததுபோல இரண்டு சிறு சுருள் ‘சதிலீலாவதி’க்கு இருந்திருந்தால், மீதியைத் தேடவாவது ஒரு நுனி கிடைத்திருக்கும். இன்று அந்தப் பாட்டுப் புத்தகங்களின் கடைசி வரியைப் படித்தால் மனசு கனக்கிறது. போய்ப் பார்க்க வெள்ளித்திரையில் எதுவும் இல்லை.

சுருக்கம் முழுப்படத்துக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எதை வெட்டுவது என்பதை விற்பனைக்காரர் தீர்மானித்தார். நடிப்பின் நிதானம், பின்னணியில் தெரியும் தெரு, இவையெல்லாம்தான் முதலில் வெட்டுப்பட்டன. இருந்தாலும் ஒன்றுமில்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்து குடியேறியவர்களின் நிலவறைகளில் சூப்பர் 8 சுருள்கள், தொலைக்காட்சியிலிருந்து பதிந்த வீடியோ கேசட்டுகள், ஒலிச்சித்திர ஒலிநாடாக்கள் இருக்கலாம். வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது இவைதான். தயவுசெய்து போடாதீர்கள். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே தனியாக எடுத்துக் குளிர்ந்த, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டிப் பார்க்க வேண்டாம், கிழிந்துவிடும். டப்பாவின் மேல் என்ன, எந்த வருடம், யார் எடுத்தது என்று எழுதிவையுங்கள். பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். குடும்பப் படச்சுருள் என்றால் பிலடெல்பியாவில் ‘சாடா’ எனப்படும் தெற்காசிய அமெரிக்க மின்னணு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அப்பா பேரப்பிள்ளைகளுக்காகப் பதிந்துவைத்த கேசட்டில் என்ன இருக்கிறது என்று ஓட்டிப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது.