புரையேறுதல்

உண்ணும் உணவோ பருகும் நீரோ உணவுக்குழாயில் இறங்காமல் மூச்சுக்குழாய்ப் பக்கம் செல்லும்போது, அதை வெளியே தள்ள எழும் கடும் இருமலே புரையேறுதல் எனப்படும். 'புரை' என்றால் உள்துளை. பேச்சு வழக்கில் அது 'பொரை' ஆகும். ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பகுதியில் சாப்பிடும் பிள்ளைக்குப் பொரையேறினால், வீட்டுப் பெரியவர்கள் உச்சந்தலையில் தட்டி, "ஆரோ நெனைக்கறாங்க கண்ணு" என்பார்கள். இது தமிழகம் முழுவதும் உள்ள நம்பிக்கைதான். இருமலே தன் வேலையை முடித்துவிடுவதால், தட்டியதற்குப் பலன் கிடைத்ததுபோல் தோன்றும்.

ஆங்கில மருத்துவம் மூச்சுவழியில் பிற பொருள் புகுவதை 'ஆஸ்பிரேஷன்' என்கிறது. இதன் இலத்தீன் வேருக்கு 'ஒன்றை நோக்கி மூச்சு விடுதல்' என்பது பொருள். மூச்சு விடுவது நாளடைவில் ஏங்குவதாகி, பொது வழக்கில் அச்சொல் இலட்சியத்தையும் உயர்வேட்கையையும் குறிக்கலாயிற்று. மருத்துவத்திலேயே அதற்கு இன்னொரு பொருளும் உண்டு: கட்டியிலிருந்தோ மூட்டிலிருந்தோ ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பதும் ஆஸ்பிரேஷன்தான். ஆங்கிலத்தில் மூச்சு ஆசையாயிற்று. தமிழில் மூச்சுத் தடுமாற்றம் பிறர் நினைவின் அடையாளமாயிற்று.

இதன் ஆபத்தை மருத்துவ உலகம் தெளிவாக உணரச் செய்தவர்களுள் ஒருவர் நியூயார்க்கின் மகப்பேறு மருத்துவர் கர்டிஸ் மெண்டல்சன். 1932 முதல் 1945 வரை ஒரே மருத்துவமனையில் பதிவான 44,016 கர்ப்பங்களை ஆராய்ந்து, மயக்க மருந்தின்போது 66 பேருக்கு வயிற்றில் இருந்தவை மூச்சுவழியில் புகுந்ததை 1946இல் அவர் வெளியிட்டார். திட உணவு அடைத்து இருவர் இறந்திருந்தனர். இரைப்பை அமிலம் நுரையீரலைப் புண்ணாக்குவதை முயல்களில் சோதித்தும் காட்டினார். அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வதன் முக்கியக் காரணம் இதுவே.

தமிழ்ச் சொல்லில் ஒரு குறை இருக்கிறது. அது இருமலைத்தான் குறிக்கிறது. உள்ளே புகுவதை அன்று. இருமல் உடலின் காவல். பக்கவாதம் வந்தவர்கள் சிலருக்கு அந்தக் காவல் தளர்ந்து, கஞ்சியும் நீரும் சத்தமின்றி நுரையீரலுக்குள் இறங்கும். புரையேறவில்லை என்பதால் வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள். விழுங்கியபின் குரல் ஈரமாகக் கரகரப்பதும், அடிக்கடி காய்ச்சல் வருவதும்தான் அடையாளங்கள். அத்தகையவருக்குப் படுக்க வைத்து ஊட்டக்கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்தே கொடுக்க வேண்டும். எதை, எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.

கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடும் பழைய வழக்கத்திலும் இதே சிக்கல் உண்டு. எண்ணெய் வழவழப்பானது, இருமலைத் தூண்டாமலே நுரையீரலை அடைந்து, அங்கே தங்கி, 'லிப்பாய்டு நிமோனியா' எனும் அழற்சியை உண்டாக்கும்.