மௌஸில் பிறந்த சித்திரக்கதை

அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் காமிக்ஸ் நிறுவனம் 1985-ல் கொண்டுவந்த 'ஷாட்டர்' இதழைப் புரட்டினால், முதலில் கண்ணில் படுவது கோடுகளின் ஓரம்தான். நாயகனின் தாடை, கோட்டுக் காலர், துப்பாக்கிக் குழல் எல்லாமே படிக்கட்டுபோல் சின்னச் சின்னச் சதுரங்களாக ஏறி இறங்கும். எதிர்கால சிகாகோவில் நடக்கும் குற்றக் கதை அது. எழுதியவர் பீட்டர் கில்லிஸ், வரைந்தவர் மைக் சாயென்ஸ். கணினியில் வரையப்பட்டுக் கடைக்கு வந்த முதல் காமிக்ஸ் புத்தகம் என்று இன்றும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்தப் பக்கங்கள் கணினியிலிருந்து நேராக அச்சகத்துக்குப் போய்விடவில்லை. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே அதுதான்.

அன்றைக்கு ஓர் அமெரிக்க காமிக்ஸ் பக்கம் பல கைகள் மாறித்தான் உருவானது. 11-க்கு 17 அங்குல கனமான அட்டையில் ஒருவர் பென்சிலால் வரைவார். பலூன்களில் வசனத்தை இன்னொருவர் கையால் எழுதுவார். அதன்மேல் வேறொருவர் தொட்டெழுதும் பேனாவாலும் தூரிகையாலும் மை போடுவார். சிலர் முதல் வரைவுக்கு வெளிர்நீலப் பென்சில் வைத்திருப்பார்கள். அச்சகக் கேமராவின் ஃபிலிமுக்கு வெளிர்நீலமும் வெள்ளைத்தாளும் ஒன்றுதான். அதனால் அழிக்கவே வேண்டாம், கறுப்பு மை மட்டும் நெகட்டிவில் ஏறும். சாம்பல் நிறம் வேண்டுமென்றால் புள்ளிகள் அச்சடித்த ஒட்டுத்தாளைக் கத்தியால் வெட்டி ஒட்டுவார்கள். கடைசியில் வண்ணக்காரர். படத்தின் நகலில் வண்ணம் தீட்டி, எந்த இடத்தில் எந்த மை எத்தனை சதவீதம் என்று குறித்துக் கொடுப்பார். அந்தக் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு மைக்கும் தனித்தனி ஃபிலிமைக் கையாலேயே தயாரிப்பார்கள்.

1984 ஜனவரியில் மெக்கின்டாஷ் வந்தது. விலை 2,495 டாலர், நினைவகம் 128 கிலோபைட். கூடவே வந்த மெக்பெயின்ட் மென்பொருளை எழுதியவர் பில் அட்கின்சன். சாதாரண மனிதர் ஒருவர் திரையில் கோடு இழுக்கவும், ஒரு பகுதியைச் சுருக்குப் போட்டுப் பிடித்து நகர்த்தவும், வாளியைக் கவிழ்த்ததுபோல் ஓர் உருவத்துக்குள் வடிவங்களை நிரப்பவும் முடியும் என்று காட்டிய மென்பொருள் அது. ஒட்டுத்தாளை வெட்டி ஒட்டும் வேலை ஒரே தட்டலில் முடிந்துவிடும். ஓவியர்களை அது எப்படி இழுத்திருக்கும் என்பதை இங்கேயே புரிந்துகொள்ளலாம்.

இடைஞ்சல்களும் சின்னதல்ல. திரையில் குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342 புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. நடுவில் எதுவும் கிடையாது. மெக்பெயின்ட்டின் ஒரு தாள் 576-க்கு 720 புள்ளி என்பதால் அதில் பாதிகூட ஒரே நேரத்தில் திரைக்குள் அடங்காது. முகம் வரையும்போது கால் தெரியாது. செய்ததை ஒரு படி மட்டுமே பின்வாங்க முடியும். அங்குலத்துக்கு 72 புள்ளிதான் என்பதால் சாய்வான கோடு எதுவானாலும் ஓரம் உடைந்தே தீரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கையில் இருந்தது மௌஸ். தொட்டெழுதும் பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும், தளர்த்தினால் மெலியும். மை போடுகிறவரின் திறமையில் பாதி அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. மௌஸுக்கு அழுத்தமே தெரியாது. சாயென்ஸ் அந்தக் குறையை மறைக்கப் பார்க்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. இயந்திரம் ஆளும் எதிர்காலத்தைச் சொல்லும் கதைக்கு அந்த உடைந்த கோடு பொருந்திப்போனது. வேறு எந்தக் கதையிலும் அது உறுத்தியிருக்கும்.

இப்படி வரைந்த படம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தாளாக வெளியே வந்தது. அந்தத் தாளைக் கையால் வரைந்த பக்கத்தைப் போலவே கேமரா முன் வைத்துப் படமெடுத்தார்கள். அதற்கப்புறம் எல்லாம் பழைய வழிதான்: வண்ணக் குறிப்பு, தனித்தனி ஃபிலிம், தகடு, அச்சு. கோடு கணினியுடையது, வண்ணம் கையுடையது. கணினியில் வரைந்த முதல் காமிக்ஸ் பிறக்கும்போதே பாதி கைவேலையாகத்தான் பிறந்தது. தாளா திரையா என்று இன்றைக்குக் கட்சி கட்டி வாதாடுகிறவர்கள் இந்தப் பிறப்பை மறந்துவிடுகிறார்கள்.

தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே சாயென்ஸ் விலகினார். அடுத்து வந்த ஓவியர்கள் பக்கங்களைத் தாளில் வரைந்து, பிறகு கணினிக்குள் ஏற்றினார்கள். கையால் வரைந்ததற்குக் கணினிச் சாயல் பூசும் வேலையாக அது மாறிப்போனது. அதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கருவியோடு மல்லுக்கட்டியதால் கிடைத்த கோடு வேறு, அதன் சாயலை மேலே தூவியது வேறு. சாயென்ஸோ காமிக்வொர்க்ஸ் என்ற மென்பொருளை உருவாக்கும் வேலையில் இறங்கி, 1988-ல் மார்வெலுக்காக 'அயர்ன் மேன்: க்ராஷ்' என்ற முழுநீளக் கதையைக் கணினியில் செய்தார். 'ஷாட்டர்' 14 இதழ்களோடு அதே 1988-ல் நின்றது.

அதே ஆண்டில்தான் இந்தக் கலப்பு தலைகீழானது. ஜப்பானிய ஓவியர் கட்சுஹிரோ ஓடோமோவின் 'அகிரா'வை மார்வெலின் எபிக் பிரிவு ஆங்கிலத்தில் வண்ணத்தில் கொண்டுவந்தது. ஓடோமோ தாளில் மையால் வரைந்த கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு ஸ்டீவ் ஆலிஃப் கணினி வழியாக வண்ணம் சேர்த்தார். இப்போது கோடு கையுடையது, வண்ணம் கணினியுடையது. நிலைத்தது இந்தச் சேர்க்கைதான். காரணம் எளிது. அன்றைய கணினி கோட்டைக் கெடுத்தது, வண்ணத்தை வளப்படுத்தியது. குறிப்பிட்ட சில நிறங்களுக்குள் கட்டுண்டு கிடந்த பக்கத்தில், நியான் விளக்கின் ஒளி மெல்ல மெல்லக் கரைவதைக் காட்ட முடிந்தது. வண்ணத்துக்கான ஐஸ்னர் விருது 1992-ல் ஆலிஃபுக்குக் கிடைத்தது.

கோடு திரைக்குத் திரும்பிவர, அழுத்தத்தை உணரும் பேனா தேவைப்பட்டது. ஜப்பானின் வாக்கம் நிறுவனம் அதைக் கொடுத்தது. 2001-ல் செல்சிஸ் நிறுவனம் காமிக்ஸ்டூடியோ என்ற மென்பொருளை வெளியிட்டது. இன்றைய க்ளிப் ஸ்டூடியோ பெயின்ட்டுக்கு முன்னோடி அது. அதைத் திறந்து பார்த்தால் பழைய மேசை அப்படியே உள்ளே இருக்கும். ஜப்பானிய காமிக்ஸான மங்காவின் ஓவியர்கள் தொட்டு வரையும் ஜி-பேனா அங்கே ஒரு கருவி. புள்ளி ஒட்டுத்தாள் ஒரு பட்டியல். முதல் வரைவை நீலமாக்கிக் காட்டவும் ஒரு பொத்தான் உண்டு. நீலம் பதியாத அந்த ஃபிலிம் தொழிலை விட்டே போய்விட்டது, நீலம் மட்டும் போகவில்லை. அடியில் நீலம் கிடந்தால் மேலே விழும் கறுப்பு தெளிவாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. வரைவைத் திரையில் முடித்து, பலூனுக்கு இடம் போதுமா என்று நகர்த்திப் பார்த்துச் சரிசெய்து, அதை வெளிர்நீலத்தில் அட்டையின்மேல் அச்சடித்துக்கொள்கிறார்கள் பலர். பிறகு நிஜமான தூரிகையால் நிஜமான மை. ஸ்கேன் செய்தபின் நீலத்தை மென்பொருள் நீக்கிவிடும். அசல் பக்கங்களை வாங்கிச் சேர்க்கும் ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பது இதற்கொரு காரணம். மை காயும்வரை திருத்த முடியாது என்ற அந்தப் பயத்தில் விழும் கோட்டுக்கு ஒரு துணிச்சல் இருக்கிறது என்பது இன்னொரு காரணம்.