ராபின்ஸின் ஊசலும் பாஞ்சாலங்குறிச்சி மண்ணும்

பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பியது 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி. மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சிக்கு முன்னால் வந்து நின்றது 9-ஆம் தேதி. நடுவில் ஒரே ஒரு வாரம். அதற்குள், கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கையோடு கும்பினி இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது. சுவர் எழும்ப ஆறே நாள்தான் ஆனதென்று அந்தக் காலத்துக் கணக்கு. எதிரே வந்த துரைமார் வாயடைத்துப் போனதைச் சென்ற வாரம் பார்த்தோம்.

இந்த வாரம் மே 24-ஆம் தேதிச் சண்டைக்குள் போவதாகச் சொல்லியிருந்தேன். போகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மார்ச் 31 வழியை மறிக்கிறது. அன்று காலையிலிருந்து பிற்பகல் வரை கும்பினிப் பீரங்கிகள் ஒரு கொத்தளத்தைக் குறிவைத்து அடித்தன. சுவர் சரிந்தது, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்து ஏறினார்கள். ஏறியவர்கள் வந்த வழியே உருண்டார்கள். உலகத்தின் பாதியைச் சுட்டுப் பிடித்துக்கொண்டிருந்த கூட்டம், ஓட்டப்பிடாரத்துப் பக்கம் ஒரு மண்சுவரிடம் ஏன் தோற்றது? நம்மவர் வீரம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். வீரம் இல்லையென்று யார் சொன்னது? ஆனால் குண்டுக்கு வீரம் தெரியாது. அதற்கு வேகமும் எடையும்தான் தெரியும். அந்த வேகத்தை உலகத்தில் முதன்முதலில் ஒழுங்காக அளந்த மனிதர் செத்துப்போனது நம் கடலூரில்.

பெஞ்சமின் ராபின்ஸ். 1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தவர். பெற்றோர் குவேக்கர்கள், ஆயுதத்தைத் தொடுவதே பாவம் என்று வாழ்ந்த சபைக்காரர்கள். அந்த வீட்டுப் பிள்ளை கணிதம் படித்தார், பிறகு கோட்டை, பீரங்கி, வெடிமருந்து என்று போனார். 1741-இல் லண்டனுக்குப் பக்கத்தில் உல்விச்சில் அரச ராணுவக் கல்விக்கூடம் தொடங்கினார்கள். பீரங்கிப் படைக்கும் கோட்டை கட்டும் எஞ்சினியர்களுக்கும் அதிகாரிகளைத் தயாரிக்கும் பள்ளி. அங்கே வாத்தியார் வேலை கிடைக்கும் என்று ராபின்ஸ் நம்பினார். பாடம் நடத்தக் குறிப்புகளும் எழுதி வைத்துக்கொண்டார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. எழுதிய குறிப்பை வீணாக்க மனமில்லாமல், 1742-இல் ‘பீரங்கியியலின் புதிய கொள்கைகள்’ என்ற புத்தகமாக்கினார். அவரை வேண்டாமென்ற பள்ளியில் அவருடைய முறைதான் பிற்பாடு ஆராய்ச்சிக்கு அடிப்படையானது. சிபாரிசுக்குக் கிடைக்கும் நாற்காலிகள் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது, ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது? ஒரு ஊசல். மூன்று கால் நாட்டி, அதில் இரும்புத் தண்டைத் தொங்கவிட்டு, தண்டின் முனையில் கனமான மரப்பலகையைப் பொருத்தினார். தொங்கும் பகுதி மொத்தமும் ஏறத்தாழ 56 ராத்தல். அதைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட வேண்டும். குண்டு பலகைக்குள் புதைந்து, பலகையோடு சேர்ந்து பின்னால் ஆடும். ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் மடியில் ஒரு பிள்ளை ஓடிவந்து தாவினால் ஊஞ்சல் எவ்வளவு ஆடுமோ, அதை வைத்துப் பிள்ளை ஓடிவந்த வேகத்தைச் சொல்லிவிடலாம் அல்லவா? அதுவேதான். பலகையில் கட்டிய நாடா எத்தனை அங்குலம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. அதற்கு முன் குண்டின் வேகம் என்பது வெறும் ஊகம். கண்ணால் பார்க்க முடியாத ஒன்றை ஒரு மரத்துண்டும் ஒரு நாடாவும் அளந்துவிட்டன.

வந்த எண்ணைப் பார்த்து அவரே அசந்திருப்பார். வினாடிக்கு 1700 அடி வரை. அப்படியானால் கலிலியோவின் பழைய கணக்குப்படி, துப்பாக்கியை 45 பாகைக்குத் தூக்கிச் சுட்டால் குண்டு 17 மைல் போக வேண்டும். கோவில்பட்டியில் சுட்டால் கயத்தாறைத் தாண்டி விழ வேண்டும்! உண்மையில் அது அரை மைல்கூடப் போவதில்லை. மிச்சத்தையெல்லாம் தின்றது யார்? காற்று. அந்த வேகத்தில் போகும் சிறு குண்டைக் காற்று அதன் எடையைப்போல 120 மடங்கு விசையோடு பிடித்துத் தள்ளுகிறது என்றார் ராபின்ஸ். அதுவரை பீரங்கிப் புத்தகம் எழுதியவர்கள் காற்றைக் கணக்கிலேயே சேர்க்காதவர்கள். சும்மா இருக்கும் காற்று இவ்வளவு தடுக்குமா என்று சிரித்தவர்களும் உண்டு.

வெடிமருந்தையும் அவர் விடவில்லை. கருமருந்து எரிந்தால் உண்டாகும் காற்று, ஆறிய பிறகும், மருந்தின் கன அளவைப்போல 244 மடங்கு இருக்கும் என்று கண்டார். எரியும்போது சூடும் சேர்ந்தால் சாதாரணக் காற்றழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு அழுத்தம். தீப்பெட்டி ஆபீசில் மருந்து முக்குகிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். வேறு மருந்துதான், ஆனாலும் கொஞ்சூண்டு மருந்துக்குள் எவ்வளவு அடைந்து கிடக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிரஷ்ய மன்னர் பிரடெரிக்குக்காகக் கணித மேதை ஆய்லர் 1745-இல் புத்தகத்தை ஜெர்மனில் எழுதினார். மொழிபெயர்த்ததோடு நிற்காமல் மூலத்தைவிடப் பல மடங்கு நீளமாக விளக்கமும் சேர்த்தார். 1746-இல் ராபின்ஸுக்கு ராயல் சொசைட்டியின் கோப்ளி பதக்கம் கிடைத்தது. பிற்பாடு நெப்போலியன் இளம் பீரங்கி அதிகாரியாக இருந்தபோது இதையே பிரெஞ்சில் படித்துக் குறிப்பெடுத்தார்.

இத்தனை புகழோடு இருந்த மனிதரைக் கும்பினி தன் எஞ்சினியர் ஜெனரலாக்கிக் கப்பலேற்றியது. பிரெஞ்சுக்காரன் 1746-இல் சென்னைக் கோட்டையைச் சிரமமே இல்லாமல் பிடித்திருந்தான். ஒப்பந்தத்தில்தான் அது திரும்பக் கிடைத்தது. அந்த அவமானம் கும்பினிக்கு உறைத்தது. 1750-இல் ராபின்ஸ் கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் வந்து இறங்கினார். அப்போது கும்பினியின் தலைமையிடமே அதுதான். கெடிலம் ஆற்றோரம் உட்கார்ந்து கோட்டைகளுக்குப் படம் போட்டார். நம் ஊர்க் காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29-ஆம் தேதி இறந்தார். வயது 44. ஒரு மாதம் கழித்து கிளைவ் ஆற்காட்டுக்குள் நுழைந்தான். பள்ளிப் புத்தகத்தில் கிளைவுக்கு ஒரு பாடமே இருக்கிறது. ராபின்ஸுக்கு ஒரு வரி இல்லை. கொள்ளையடித்தவனுக்குத்தான் எப்போதும் நினைவுச் சின்னம்.

அவர் விட்ட இடத்தில் பிடித்தவர் சார்லஸ் ஹட்டன். நியூகாசிலில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். 1773-இல் அதே உல்விச் கல்விக்கூடத்தில் கணிதப் பேராசிரியரானார். இந்த முறை நாற்காலி சரியான ஆளுக்குப் போயிற்று. ராபின்ஸ் சிறு குண்டைத்தான் சுட்டார். ஹட்டன் ஊசலைப் பெரிதாக்கிப் பீரங்கிக் குண்டையே அடித்துப் பார்த்தார். மாணவர்களும் அதிகாரிகளும் கூட நிற்க, கல்விக்கூடமே ஆய்வுக்கூடமானது. மருந்தை இரட்டிப்பாக்கினால் வேகம் இரட்டிப்பாகாது, குழாயை நீட்டிக்கொண்டே போவதால் பெரிய லாபமில்லை என்பதெல்லாம் அங்கே வந்த முடிவுகள். 1778-இல் அவருக்கும் கோப்ளி பதக்கம். இந்தப் பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப்போல நாலரை மடங்கு என்று, ஸ்காட்லாந்து மலை ஒன்றின் ஈர்ப்பை வைத்துக் கணக்கிட்டவரும் இதே ஹட்டன்தான். இன்றைய எண் ஐந்தரை. மலை எவ்வளவு பெரிது என்று கணக்குப்போட, சம உயரமுள்ள இடங்களைக் கோடிட்டு இணைத்தார். இன்று எல்லா நில வரைபடத்திலும் இருக்கும் கோடு அது. சண்டைக்கு ஆள் தயாரிக்கும் பள்ளியிலிருந்து பூமிக்கு எடை வந்திருக்கிறது.

இது உல்விச்சோடு நின்ற கதையும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் அன்னாபொலிஸ் கல்விக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த இளம் அதிகாரி மைக்கல்சன், 1879-இல் அங்கேயே ஒரு கண்ணாடியைச் சுழலவிட்டு ஒளியின் வேகத்தை அளந்தார். வினாடிக்கு 2,99,910 கிலோமீட்டர் என்றார். இன்றைய எண்ணுக்கும் அதற்கும் 120 கிலோமீட்டர்கூட வித்தியாசம் கிடையாது.

சரி, மண்சுவருக்கு வருகிறேன். குண்டு காற்றில் எப்படிப் போகும் என்று உல்விச் சொல்லிவிட்டது. மரக்கட்டைக்குள் எவ்வளவு இறங்கும் என்றும் பார்த்தது. மண்ணுக்குள்? அதை ஒழுங்காக எடுத்துச் செய்தது பிரான்சின் மெட்ஸ் நகரத்து ராணுவப் பள்ளிதான். அங்கே பாடம் நடத்திய போன்சலே, மண்ணின் எதிர்ப்புக்கு ஒரு சூத்திரம் எழுதினார். குண்டு எவ்வளவு மெதுவாக வந்தாலும் மண் ஒரு அளவுக்கு எதிர்க்கும். அதோடு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப எதிர்ப்பு ஏறும். 1830-களில் பியோபேர், மோரின், டிடியான் ஆகிய மூவரும் மெட்ஸில் மண்ணிலும் கல்கட்டிலும் குண்டுகளை அடித்து அளந்து பார்த்தார்கள். பாஞ்சாலங்குறிச்சி முடிந்து முப்பது வருடம் கழித்து!

செங்கல் சுவரில் குண்டு பட்டால் அதிர்ச்சி பரவும், விரிசல் ஓடும், ஒரு கட்டத்தில் சுவர் மொத்தமாகச் சரியும். மண்ணில் பட்டால் குண்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த குண்டும் அப்படியே. சரிந்தாலும் மண் மேடாகச் சரியும், பள்ளமாகத் திறக்காது. 1805-இல் வடக்கே பரத்பூரில் ஜெனரல் லேக் இந்தப் பாடத்தை நான்கு தடவை படித்தார். நான்கு தாக்குதலும் தோல்வி. 1826-இல் சுவருக்கு அடியில் சுரங்கம் வெட்டி மருந்து வைத்த பிறகுதான் அந்த மண்கோட்டை விழுந்தது.

பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பெரிதொன்றும் இல்லை. நீளம் சுமார் 500 அடி, அகலம் 300 அடி என்று, எதிரே நின்று சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் எழுதுகிறார். முழுக்க மண். சுற்றிலும் முள்வேலி. இங்கே எனக்கொரு எண்ணம். மண்சுவர் வைப்பவர்கள் ஒரு படை வைத்து, அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை வைப்பார்கள். ஆறு நாளில் எழுப்பிய சுவருக்குக் காய நேரமேது? பிப்ரவரி 9-ஆம் தேதி மெக்காலே அடித்திருந்தால் அது ஈரச்சுவர். அவரிடம் அன்று போதிய பீரங்கி இல்லை, பின்வாங்கினார். மார்ச் 31-க்குள் ஏழு வாரம் போய்விட்டது. மாசி, பங்குனி வெயிலைக் கரிசல் சீமைக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை. மெக்காலே ஆள் சேர்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் சூரியன் ஊமைத்துரைக்காகச் சுவரை இறுக்கிக்கொண்டிருந்தது.

அதற்கும் மேல் கொத்தளத்தின் அமைப்பு. நடுவில் குழிவாக இருந்தது. சரிந்த மண்மேட்டில் ஏறி உச்சியில் கால் வைத்தவனை, குழிக்குள் நின்ற கூட்டம் நீண்ட வல்லயத்தால் குத்தி இறக்கியது. உச்சியில் நின்றவனுக்குக் கீழே இருப்பவனைச் சுடக் கோணம் கிடைக்கவில்லை. இதை எந்த எஞ்சினியர் வரைந்து கொடுத்தான்? ஒருத்தனும் இல்லை. எதிரே இருந்த கும்பினி அதிகாரிகளுக்கும் பெரும்பாலும் கல்விக்கூடப் படிப்பு கிடையாது. வெல்ஷ் போன்றவர்கள் பதினைந்து, பதினாறு வயதில் நேரே கப்பலேறி வந்த பையன்கள். கும்பினி தன் அதிகாரிகளுக்கென்று இங்கிலாந்தில் அடிஸ்கோம் ராணுவப் பள்ளியைத் திறந்தது 1809-இல்தான். அதற்கு ஐந்து வருடம் முன்னால், 1804-லேயே, சென்னையில் ட்ராயர் என்ற கேப்டன் பொறுப்பில் ஒரு ராணுவப் பள்ளி தொடங்கி நில அளவை சொல்லிக்கொடுத்தார்கள். பிற்காலத்தில் பாரிஸில் உட்கார்ந்து ராஜதரங்கிணியைப் பிரெஞ்சில் தந்த அதே ட்ராயர்! அவருக்கு ஒரு வாரம் தனியாக ஒதுக்கியே ஆக வேண்டும்.

எட்டயபுரத்து ஆட்கள் மார்ச் 31-இல் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று கேட்டு வாசகர்கள் கடிதம் எழுதுகிறார்கள். கும்பினிப் பக்கம்தான். மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான். வசைச்சொல்லாகிப் போனது எட்டப்பன் பெயர் மட்டும். இந்தப் பாரபட்சம் எனக்கு ஒப்பவில்லை.

மார்ச் 31 தோல்விக்குப் பிறகு மெக்காலே மறுபடி ஏறிப் பார்க்கவில்லை. கோட்டைக்கு எதிரே முகாமிட்டுக்கொண்டு, ஆளும் பீரங்கியும் அனுப்புங்கள் என்று எழுதினார். ஏப்ரல் போயிற்று, மே பாதியும் போயிற்று. வந்தவர் கர்னல் அக்னியூ. கூடுதல் படையோடு வந்ததுமே மெக்காலேயின் கையிலிருந்த தலைமை அவர் கைக்கு மாறியது. மே 23-ஆம் தேதி அவருடைய பீரங்கிகள் பேச ஆரம்பித்தன.

(தொடரும்)