தீவு மொழியும் மின்கிதாரும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டில் முற்காலத்தே ஒரு நிலமுறை வழங்கி வந்தது. ஊரார் பொதுவில் குத்தகைக்குப் பெற்ற நிலத்தை நீண்ட கீற்றுகளாகப் பகுத்து, வளநிலமும் வறுநிலமும் எல்லார்க்கும் மாறிமாறிக் கிட்டுமாறு குறித்த காலத்துக்கு ஒருமுறை பங்கிட்டுக் கொள்வர். இதற்கு ரன்ரிக் என்று பெயர். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிலக்கிழார்கள் ஆட்டுப் பண்ணை வைப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றினர். அம்முறையும் மறைந்தது, மக்களுள் பலர் கப்பலேறிக் கனடா முதலிய நாடுகளுக்குப் போயினர்.

மறைந்த அந்தப் பெயரை 1973ஆம் ஆண்டில் இளைஞர் மூவர் தம் இசைக்குழுவுக்குச் சூட்டிக்கொண்டனர். ரோரி மெக்டொனால்ட், கேலம் மெக்டொனால்ட் என்னும் உடன்பிறந்தார் இருவரும், அக்கார்டியன் வாசித்த பிளேர் டக்லசும் அம்மூவர். அப்போது அவர்களுக்குப் பெருநோக்கம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. நடன விருந்துகளில் வாசிப்பதே அவர்கள் பணி. அடுத்த ஆண்டு பாடகராக வந்து சேர்ந்த டோனி மன்ரோ, ஓவிய ஆசிரியராகவும் பணியாற்றியவர்.

அவர்கள் பிறந்த மண்ணின் மொழியைப் பற்றி ஈண்டுச் சிறிது கூறவேண்டும். 'கேலிக்' என்று நாம் எழுதிவருவதை ஸ்காட்லாந்தார் 'காலிக்' என்றே ஒலிப்பர். (முன்னைய ஒலிப்பு நம் செவிக்கு வேறு பொருள் தருவதால், நாமும் காலிக் என்றே கொள்வோம்.) 1872ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அம்மொழிக்குப் பள்ளியில் இடம் வகுக்கவில்லை. வீட்டிலே காலிக் பேசிய குழந்தை வகுப்பறையில் அதைப் பேசினால் அடிவாங்கியது என்பது அத்தீவுகளின் முதியோர் பலரும் சொல்லிப்போன செய்தி. 1891இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் பேசிய மொழி, 1971இல் 90,000 பேருக்கும் குறைவானோர் நாவில் நின்றது. எஞ்சியிருந்தோரும் அதனை வீட்டுக்கும் கோயிலுக்கும் உரியதாகவே கருதினர். மேடை, வானொலி, இளைஞர் இசை யாவும் ஆங்கிலத்துக்கு உரியன.

1978ஆம் ஆண்டில் ரன்ரிக் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டு முழுவதும் காலிக் மொழியில் அமைந்தது. 'ப்ளே காலிக்' என்பது அதன் பெயர். பழைய நாட்டுப்பாடல்களைத் தொகுத்துப் பாடியிருந்தால் அதில் வியப்பில்லை. அவை முன்னரே போற்றப்பட்டவை. மெக்டொனால்ட் சகோதரர்களோ தம் காலத்து வாழ்வைப் பொருளாக்கித் தாமே பாடல் புனைந்தனர். அதே காலத்தில் குழுவில் சேர்ந்த மால்கம் ஜோன்ஸ் மின்கிதாரோடு மலைநாட்டுப் பைக்குழலும் வாசிக்க வல்லவர். 1979இல் வந்த இரண்டாம் தொகுப்பில் ஒரு பாடல், 'இருபது ஆண்டுகள்' எனப் பொருள்படும் தலைப்புடையது. தன் இனத்தின் வரலாற்றைத் தன் பள்ளி தனக்குச் சொல்லித்தரவில்லையே என்று வளர்ந்த பிள்ளை கேட்கும் கேள்வி அது. ஆசிரியராயிருப்போர் அப்பாடலைக் கேட்டு மனம் அமைதியாக இருத்தல் அரிது.

எனினும் குழுவின் பெரும்புகழ் காலிக்கால் வந்ததன்று. பின்வந்த தொகுப்புகளில் ஆங்கிலப் பாடல்கள் பெருகின. 1987இல் வெளிவந்த 'தி கட்டர் அண்ட் தி கிளான்' தொகுப்பையடுத்துக் கிரிசாலிஸ் என்னும் பெரிய இசைத்தட்டு நிறுவனம் அவர்களை ஏற்றுக்கொண்டது. 1991 ஜூனில் லோமண்ட் ஏரிக்கரையில் 40,000க்கும் மேற்பட்டோர் திரண்டனர். அவர்களின் மேடைமுடிவுப் பாடலாக நிலைத்த 'லோக் லோமண்ட்' பழைய நாட்டுப்பாடலேயாயினும் காலிக் பாடலன்று. மொழியை ஏணியாக்கி மேலேறியபின் கைவிட்டனர் என்று இதனைப் பழிக்கலாமா? அப்பழி பொருந்தாது என்பதே என் கருத்து. பல்லாயிரவர் கூடிய மேடைகளிலும் அவர்கள் காலிக் பாடல்களை நீக்கவில்லை. அம்மொழியில் ஒரு சொல்லும் அறியாத கூட்டம் அவற்றை உடன் பாடியது.

1995இல் நிகழ்ந்தது விந்தையானது. 'மிக உயரத்து ஆப்பிள்' எனப் பொருள்படும் அவர்களின் காலிக் பாடலொன்று பீர் விளம்பரமொன்றில் ஒலித்தது. 1992இல் காப்பர்கெய்லி என்னும் குழுவின் காலிக் பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதல் 40க்குள் வந்திருந்தது. இப்பாடலோ முதல் 20க்குள் நுழைந்தது. ஸ்காட்லாந்தின் காலிக் மொழிக்கு அதற்குமுன் அப்படியோர் இடம் கிடைத்ததில்லை. பள்ளி கொடாத இடத்தை மதுவணிகம் கொடுத்தது!

பாட்டு மொழியைக் காத்ததா எனின், கணக்கெடுப்பு கடுமையாகவே விடை பகர்கிறது. குழு வளர்ந்த ஆண்டுகளிலெல்லாம் பேசுவோர் தொகை குறைந்தது. 2011இல் ஏறத்தாழ 57,600 ஆயிற்று. 2022இல் அது 69,000ஐத் தாண்டினும், மொழியின் கோட்டையாகிய மேற்குத் தீவுகளில் பேசுவோர் பாதிக்கும் கீழாயினர். பாட்டு குழந்தைக்குத் தாலாட்டாகலாம். அடுக்களைப் பேச்சாக முடியாது. ஆயினும் காலிக் பேச நாணிய ஒரு தலைமுறையின் நாணத்தை இவர்கள் பெரிதும் போக்கினர். காலிக்வழிப் பள்ளி வகுப்புகள் 1985இல் கிளாஸ்கோவிலும் இன்வர்னசிலும் தொடங்கின. 2005இல் மொழிச்சட்டம் வந்தது. இவை குழுவின் சாதனையல்ல. ஆயினும் அவற்றை வேண்டிநின்ற பெற்றோருட் பலர் இப்பாடல்களைக் கேட்டு வளர்ந்தோராயிருத்தல் கூடும்.

மன்ரோ 1997இல் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார்; குழுவையும் விட்டு நீங்கினார். அவருக்குப்பின் கனடாவின் கேப் பிரெட்டன் தீவினரான புரூஸ் கத்ரோ பாடகரானார். வெளியேற்றப்பட்ட மலைநாட்டார் பலர் முன்னாளில் குடியேறிய தீவு அது. 2018 ஆகஸ்டில் ஸ்டர்லிங் கோட்டையின் அடிவாரத்தில் இருநாள் பாடிக் குழு விடைபெற்றது.

குழு தோன்றிய அதே 1973இல், ஸ்கை தீவின் பழைய பண்ணைக் கட்டடம் ஒன்றில் சவல் மோர் ஒஸ்டெக் என்னும் காலிக் கல்லூரி தொடங்கிற்று. அப்பெயரின் பொருள் பெருங்கொட்டில் என்பது. தேர்தலில் தோற்ற மன்ரோ, பின்னர் அக்கல்லூரியின் வளர்ச்சிப் பணிக்கே சென்று சேர்ந்தார்.