சிறைக்குப் போன கிரேக்க வாத்தியார்

பழைய மாணவர் ஒருவர் (அவருக்கே இப்போது நாற்பது வயது) "ஸ்காட்லாந்து ஏன் சார் தனிநாடு கேட்குது?" என்று போனில் கேட்டார். 1707-இல் இங்கிலாந்தோடு இணைந்த கதையைச் சொன்னேன். டக்ளஸ் யங் கதையைச் சொல்ல மறந்துவிட்டேன்.

1913-இல் டேபோர்ட் என்ற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குச் சணல் கம்பெனி வேலை என்பதால் சிறுவயதில் கொஞ்ச காலம் வங்காளத்தில் வளர்ந்தார். செயின்ட் ஆண்ட்ரூஸிலும் ஆக்ஸ்போர்டிலும் படித்து, 1938-இல் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் கிரேக்க விரிவுரையாளர் ஆனார். ஆறரை அடி உயரம், தாடி வேறு. வகுப்பில் சத்தமே இருந்திருக்காது!

உலகப்போர் வந்தது. 1707 ஒப்பந்தப்படி ஸ்காட்லாந்துக்காரனைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு அனுப்ப லண்டனுக்கு உரிமையில்லை என்று கோர்ட்டில் வாதாடினார். 1942-இல் 12 மாதத் தண்டனை. மேல்முறையீடு நடக்கும்போதே ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி அவரைத் தலைவராக்கியது. அது பிடிக்காமல் ஜான் மெக்கார்மிக் தன் ஆட்களோடு வெளியேறினார். (இந்த மெக்கார்மிக்கின் மகன் நீல், சட்டப் பேராசிரியராக இருந்து, அதே கட்சி சார்பில் 1999-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் போனார்.)

எதிரே நின்றவன் ஹிட்லர். அந்த நேரத்தில் இப்படி ஒரு வழக்கா என்று எனக்கு இன்றும் நெருடல்தான். ஆனால் மனுஷன் தலைமறைவாகவில்லை, சாக்டன் சிறைக்குப் போனார். 1944 கிர்காடி இடைத்தேர்தலில் 41 சதவீத ஓட்டு வாங்கித் தோற்றார். அதே ஆண்டு மறுபடியும் சிறை. 1948-இல், வேறு கட்சியிலும் உறுப்பினராக இருக்கக்கூடாது என்று விதி வந்ததும் விலகிவிட்டார். அவர் தொழிற்கட்சியிலும் இருந்தார்.

எனக்கு அவரைப் பிடித்தது இதற்குப் பிறகுதான். அரிஸ்டோபனீஸின் 'தவளைகள்' நாடகத்தை ஆங்கிலத்தில் தராமல் ஸ்காட்ஸ் மொழியில் தந்தார். அந்த மொழியைப் பள்ளிக்கூடங்களில் கொச்சை என்று திருத்திக்கொண்டிருந்தார்கள். தவளைக்கு அவர்கள் சொல் 'பட்டக்'. நாடகத்துக்கும் அதுவே பெயர்.

நானும் திருத்தியவன்தான். மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை 'வெருவு' என்று எழுதியதற்குச் சிவப்பு மை போட்டேன். பூனையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். அந்தப் பிள்ளை அப்புறம் கட்டுரை நோட்டில் இரண்டு வரிக்கு மேல் எழுதவே இல்லை.

யங் கடைசியில் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியராக இருந்தபோது, 1973-இல் காலமானார். வயது 60.